புரண்டு படுக்க ஒரு மெத்தை

கொடைக்கானல் மலையிலுள்ள பள்ளங்கியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாற்பது வருஷம் பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் களை வெட்டிய மாமியாருக்கு இப்போது இரண்டு முழங்காலும் ஒரு பக்க இடுப்பும் வலி. தரையில் பாய் விரித்துப் படுத்தே பழகியவர். காலையில் எழுந்து நிற்க அரை மணி நேரம் ஆகிறதாம். 'வத்தலக்குண்டில் ஒரு கடையில் மெத்தை பார்த்து வைத்திருக்கிறோம். உறையின் மேலேயே ஆர்த்தோ என்று போட்டிருக்கிறது. அத்தையோ, பரணில் கிடக்கிற பழைய இலவம் பஞ்சு மெத்தையை இறக்கிக் கொடு, போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?'

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டினால், கை விரல் மூட்டுகளும் வீங்கினால், போக வேண்டிய இடம் மெத்தைக் கடை அல்ல, ஆஸ்பத்திரி. அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்க வேண்டும். வயதும் உழைப்பும் சேர்ந்து வரும் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அப்புறம் மெத்தையைப் பற்றிப் பேசலாம்.

உறையில் அச்சிட்ட அந்த 'ஆர்த்தோ' மருத்துவர் கொடுத்த சான்று அல்ல, வியாபாரி வைத்த பெயர். பெரும்பாலும் 'இது கெட்டியான மெத்தை' என்பதைத்தான் அந்தச் சொல் நாசூக்காகச் சொல்கிறது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நாம் நம்புவதற்கும் காரணம் இருக்கிறது. முதுகுவலி என்று போனவர்களையெல்லாம் 'பலகையில் படு' என்று சொல்லி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. என் அப்பாவும் அப்படித்தான் பலகைக்குப் போனார். முட்டிவலிக்காரர் அவர், முதுகுவலியே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன வைத்தியத்தைத் தானும் எடுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் இடுப்பெலும்பு பலகையில் இடிக்கும் இடத்தில் தோல் கறுத்துப் போனது. 'மூட்டு தேவலை, இடுப்பு போச்சு' என்றார்.

அந்தக் கெட்டிப் படுக்கை வைத்தியத்தை ஸ்பெயினில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நெடுநாள் கீழ்முதுகு வலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து, 90 நாள் கழித்து விசாரித்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். 2003இல் 'லான்செட்' இதழில் அந்த முடிவு வந்தது. அது கீழ்முதுகு வலிக்கான சோதனை, மூட்டுவாதத்துக்கானது அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் 'கெட்டி என்றால் மருந்து' என்ற நம்பிக்கைக்கு அதன் பிறகு இடமில்லை.

மூட்டு வலிக்காரருக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது, கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை. சுகமான உடம்புக்காரர் தூக்கத்தில் தன்னை அறியாமல் புரண்டுகொள்கிறார். மூட்டு வலிக்காரருக்குப் புரள்வது ஒரு வேலை. முழங்கையை ஊன்ற வேண்டும், இடுப்பைத் தூக்க வேண்டும், பின்னால் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்குள் தூக்கம் போய்விடும். மெத்தை ரொம்பக் கெட்டியாக இருந்தால் தோளும் இடுப்பும் உறுத்தி, அடிக்கடி புரளச் சொல்லும். ரொம்ப மெத்தென்று இருந்தால் உடம்பு சேற்றில் இறங்கிய மாடு மாதிரி புதைந்து, புரளவே விடாது. ஊன்றுகிற கையும் அமிழ்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் எது அவருக்கு எளிதாகப் புரள இடம் கொடுக்கிறதோ அதுதான் அவருடைய மெத்தை.

அடுத்தது குளிர். அடிவாரத்து வத்தலக்குண்டில் பார்த்த மெத்தை மலைமேல் பள்ளங்கியில் அதே மெத்தையாக இருக்காது.

மெமரி ஃபோம் என்று விற்கிறார்களே, அது 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவானது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுப்பதுதான் அதன் சாமர்த்தியம். சூட்டில் இளகும் பொருள் குளிரில் இறுகித்தானே ஆக வேண்டும்? ஒரு மார்கழியில் மெமரி ஃபோம் தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனேன். மதுரையில் அது பஞ்சுமிட்டாய். அங்கே முதல் ராத்திரி தலையை வைத்தேன், செங்கல். பாதி ராத்திரிக்குள் தலை இருந்த இடம் மட்டும் இளகிக் குழியாகி, சுற்றிலும் கல்லாகவே நின்றது. குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் அப்படித்தான் உறைந்திருந்தது. எண்ணெய் உறைவதும் ஃபோம் இறுகுவதும் விஞ்ஞானப்படி வேறு வேறு. கழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நீங்கள் பார்த்த 'ஆர்த்தோ'வும் மெமரி ஃபோம் என்றால், வத்தலக்குண்டுக் கடையில் பட்டப்பகலில் விரலால் அழுத்திப் பார்த்து 'ஆகா' என்று வாங்கிப் போவதை, ஜனவரியில் உறைபனி விழுகிற ஊரில் ராத்திரி பத்து மணிக்கு விரிப்பார்கள். புரள முயலும்போது, இளகிய குழியிலிருந்து இறுகிய கரைமேல் அவர் ஏற வேண்டும். இடுப்பு வலிக்கிற அம்மாளுக்கு இது தேவையா?

அதனால்தான் அத்தை கேட்ட இலவம் பஞ்சுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பள்ளங்கி மலையில் இலவம் வளராது, குளிர் ஆகாது. மலையை விட்டிறங்கித் தேனிப் பக்கம் போனால் போடி, கடமலைக்குண்டு, வருசநாடு அடிவாரங்களில் தோப்பு தோப்பாக நிற்கும். அங்கே நிற்பது வெளிர் நிறப் பூப் பூக்கிற இலவம். அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாய்நாடாகக் கொண்டது. செக்கச் சிவந்த பூப் பூக்கிற நம் முள்ளிலவு வேறு இனம். 'இலவு காத்த கிளி' என்கிறார்களே, அந்தக் கிளி எந்த மரத்தில் உட்கார்ந்து காத்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், என் ஓட்டு முள்ளிலவுக்கு.

இலவங்காயை ஒருமுறை உடைத்துப் பாருங்கள். பருத்தியில் பஞ்சு, விதையின் தோலிலிருந்தே முளைக்கிறது; விதையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பிரிக்க மில் வேண்டும். இலவத்தில் பஞ்சு வளர்வது காயின் உட்சுவரிலிருந்து. விதைகள் அதற்குள் மிளகு மாதிரி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கின்றன. குச்சியால் கலைத்து அடித்தால் பஞ்சு மேலே எழும், விதை கீழே உதிரும். பறக்கும் பஞ்சு மூக்கிலும் ஏறும். அந்த வேலை செய்கிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொள்வது அதனால்தான்.

அந்த இழையை நுண்ணோக்கியில் வைத்தால் குழாயாகத் தெரியும். ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையும் அடைப்பு, வெங்காயச் சருகைவிடப் பலமடங்கு மெல்லிய சுவர், வெளியே மெழுகுப் பூச்சு. உள்ளே வெறும் காற்று. இழையின் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றுதான். வழுவழுப்பாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது, நூற்க வராது. நூற்க வராததால்தான் வேட்டியாகாமல் மெத்தைக்கு வந்து சேர்ந்தது.

மெழுகு பூசிய காற்றுக்குழாய் தண்ணீரில் மிதக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்குள் அடைத்தது இலவம் பஞ்சைத்தான், பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்குப் பஞ்சு நின்றுபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பி, நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைப் பறித்துவரச் சொன்னார்கள். இரண்டு மூட்டைக் காய்க்கு ஓர் உயிர்காப்புச் சட்டை என்பது கணக்கு. எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சை ஊதி விளையாடிய எனக்கு, ஒரு யுத்தமே அதன் பங்காளியை நம்பியிருந்தது என்று படித்தபோது புல்லரித்தது.

அசையாமல் அடைபட்ட காற்று மிதக்க வைப்பதோடு, சூட்டையும் வெளியே விடாது. கம்பளி கதகதப்பாக இருப்பதற்கும் காரணம் இதுதான். தரையின் குளிர் கீழிருந்து ஏறாமலும், உடம்பின் சூடு கீழே இறங்காமலும் இலவம் மெத்தை நடுவில் நிற்கும். உடம்பு நடுங்கினால் தசை இறுகும். தசை இறுகினால் ஏற்கெனவே நோகிற மூட்டு இன்னும் நோகும். அத்தை இதையெல்லாம் படித்துச் சொல்லவில்லை. படுத்துப் பார்த்துச் சொல்கிறார்.

அப்படியானால் பரணிலிருந்து இறக்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இலவத்தின் பலவீனமும் அந்தக் குழாய்தான். உறிஞ்சுகுழலைக் காலால் மிதித்தால் சப்பையாகிவிடும் அல்லவா? வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இடுப்பு அழுந்தினால், அங்கேயுள்ள குழாய்கள் நசுங்கி, பஞ்சு கட்டிப்போய், குழி விழும். நடுவில் குழி விழுந்த மெத்தை மூட்டு வலிக்காரருக்கு மெமரி ஃபோமைவிட மோசம். பஞ்சின் மேல் மெழுகு இருக்கிறது, உறைத்துணியில் இல்லை. ஐப்பசி மழையிலும் பனிமூட்டத்திலும் துணி ஈரம் வாங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் பாட்டி வாரம் ஒருமுறை மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டு, பிரம்பால் அடித்து, சாயங்காலம் தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பிப் போடுவாள். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை பஞ்சு கொட்டுகிறவர் வருவார். திண்ணையில் மெத்தையைப் பிரித்து, ஆளுயர வில்லின் நாணைக் கட்டையால் சுண்டிச் சுண்டிப் பஞ்சைப் பிரிப்பார். தெருவெல்லாம் 'டொய்ங் டொய்ங்' என்று கேட்கும். சாயங்காலம் அதே பஞ்சு இரண்டு மடங்கு உயரத்தில் எழுந்து நிற்கும். பஞ்சு கொட்டுகிறவரும் போனார், வெயிலில் போடுகிற பழக்கமும் போனது. பிறகு 'இலவம் மெத்தை குழி விழுந்துடும்ங்க' என்று மட்டும் சொல்லிக்கொண்டு பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ஃபோம் வாங்குகிறோம்.

புதுப் பஞ்சு வாங்கினால் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கித் தண்ணீரில் முக்கி விடுங்கள். இலவம் உடனே மேலே வந்து உலர்ந்தாற்போல் நிற்கும். மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அது பெரும்பாலும் நனைந்து கனத்துக் கீழே போகும்.

ஆக, வாசகிக்கு என் பதில்: அத்தை சொல்வது முக்கால் பங்கு சரி. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சைக் கலைத்து உலர்த்தி, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் புது உறையில் தைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தென்னை நார் மெத்தை ஒன்று போடுங்கள். நார் தாங்கும், இலவம் ஏந்தும். தரை மட்டும் வேண்டாம். தரையிலிருந்து எழுவதுதான் அவருடைய முழங்காலுக்குப் பெரிய பாரம். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்றால், ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். அடியில் காற்றோட்டம் இருக்கிற மரச்சட்டக் கட்டிலாக இருந்தால் ஈரமும் தங்காது.

ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க மடங்கியே கிடந்த முட்டி, நாளாக ஆக நீட்ட வராமல் போய்விடும்.

இன்னொன்று முக்கியம். இலவம் பஞ்சு தீயை உடனே பற்றும். கணப்பையோ கரியடுப்பையோ கட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மூடிய அறைக்குள் கரி போட்டுத் தூங்குவது, மெத்தை எதுவானாலும், விஷவாயுவால் உயிருக்கே ஆபத்து. வெந்நீர்ப் பை போதும்.

புதிதாகத்தான் வாங்குவது என்று முடிவு செய்தால், அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் கூச்சப்படுத்தினாலும் பரவாயில்லை, அவர் வழக்கமாகப் படுக்கிற பக்கம் ஒருக்களித்துக் கால் மணி நேரம் படுக்கட்டும். பிறகு யாரும் கை கொடுக்காமல் மறுபக்கம் புரளட்டும். தானே எழுந்து உட்காரட்டும். அவர் முகத்தைப் பாருங்கள், விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

இலவம்தான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். போடிப் பக்கம் காய் வெடிப்பது பங்குனி, சித்திரையில்.