கம்பு சுற்றலாமா? முதலில் கால் பழகட்டும்!

ஜப்பான் போய் வந்த உறவுக்காரப் பையன் செல்போனில் படம் காட்டுகிறான். தொளதொளவென்று கீழாடை, இடுப்பில் நீண்ட வாள், முகத்தில் ஏகப்பட்ட வீரம்! ‘கியோட்டோவுல ஒரு மணி நேரம் வாள் நடனம் கத்துக்கிட்டேன் அத்தை’ என்கிறான். உங்களுக்கும் லேசாக ஆசை எட்டிப் பார்க்கிறது, இல்லையா?

அந்த நடனத்துக்குப் பெயர் கெம்பு. ஒருவர் கவிதையை நீட்டி முழக்கிப் பாட, வாளோடும் விசிறியோடும் இன்னொருவர் ஆடுவார். 1876-ல் ஜப்பான் அரசு சாமுராய்கள் வாள் ஏந்தித் தெருவில் நடக்கக் கூடாது என்று தடை போட்டது. பிழைப்புப் போன வாள்வீரர்கள் சிலர் மேடையேறி வித்தை காட்டினார்கள். அந்த மேடைகளில் பிரபலமானதுதான் இந்த ஆட்டம். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கும் அங்கே சொல்லித் தருகிறார்கள். கூர் இல்லாத வாள்தான், பயப்பட வேண்டாம். ஆனால் போனவுடன் வாளை உருவி வீசலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வணங்குவது, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது, மூச்சை விடுவது... இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாள்.

நம்மூர்ச் சிலம்பமும் அப்படியேதான்!

பவானிக்காரர்களுக்குச் சிலம்பம் தூரத்துச் சங்கதி இல்லை. கூடுதுறையிலிருந்து காவிரியைத் தாண்டிக் குமாரபாளையம் வழியாகப் போனால் சங்ககிரி. கும்பினிப் படையை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31-ல் தூக்கிலிட்டது அந்தக் கோட்டையில்தான். அவரையும் சிலம்பத்தையும் பிரித்துப் பேசுகிறவர்கள் கொங்கு நாட்டில் கிடையாது. இப்போது 2024 கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம் பிடித்த பிறகு, பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும் ஆர்வமும் பெற்றோருக்குக் கூடியிருக்கிறது.

சரி, பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து நிலக்கடலை கொறிக்கிறீர்களே... உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் ஏன் இறங்கக் கூடாது?

‘இந்த வயசுல எனக்கெதுக்குங்க கம்பு?’ என்பீர்கள். எழுந்து நின்று ஒற்றைக் காலைத் தூக்கிப் பாருங்களேன். (சுவரைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள்!) பத்து எண்ணுவதற்குள் ஆடுகிறதா? வயது ஏற ஏற உடம்பில் சத்தமில்லாமல் குறைவது இந்தச் சமநிலை. பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதை நாற்பதிலேயே ஆரம்பித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிலம்பத்தில் வணக்கம் முடிந்ததும் காலடிதான் பாடம். முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, அப்படியே திரும்பு. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். பார்வை தரையில் இருக்கக் கூடாது. பார்க்க இது ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். மறுநாள் தொடை சொல்லும் சேதி! அதற்கப்புறம் கம்பு வந்தால் மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று எல்லாம் சேர்ந்து சுழலும். ஜமக்காளக் குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கும், தையல் மெஷினே கதி என்று இருப்பவர்களுக்கும் இப்படி நிமிர்ந்து திரும்புகிற வேலை தேவையாகவே இருக்கிறது.

ஆனால் ஆசை வேறு, அவசரம் வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். கையைத் தூக்கவே வலித்தால் கம்பைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் வெறுங்கால் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது, புண்ணாகிவிடும். பிரஷர் இருப்பவர்கள் வீசும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பிரஷர் சட்டென்று ஏறும். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூட்டு வீக்கம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மற்றவர்களும் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றாமல் கம்பைத் தொட வேண்டாம்.

முக்கியமாக, முதல் நாளே வாளோடு போட்டோ எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வாளும் சுருள்வாளும் வருஷக்கணக்கில் பழகினவர்களுக்கு. சுருள்வாள் தவறினால் முதலில் வெட்டுவது சுற்றுகிறவரைத்தான்.

கம்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். காலடி பழகின பிறகு, உங்கள் நெற்றி உயரத்துக்குப் பார்த்து வாத்தியாரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் பழகுவதாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள், அதுவும் கரண்ட் கம்பி பக்கத்தில் இல்லையென்றால் மட்டும். ஹாலில் மட்டும் வேண்டாம். ஃபேனையும் டியூப்லைட்டையும் யார் மாற்றுவது?