குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கொழும்பு வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டை மகிழ்ச்சி. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வேல் இரதம் பவனி வரும் காலமும் அதுவே. ரம்புட்டான் பழங்கள் சந்தைகளில் செக்கச்செவேலெனக் குவியும் காலமும் அதுவே. வீதியோரத்தில் கச்சான் கடை; அதன் அருகில் விளையாட்டுச் சாமான் கடை. பழம், கச்சான், விளையாட்டுச் சாமான் என்னும் இம்மூன்றும் வீட்டிலுள்ள சின்னஞ்சிறு குழந்தைக்கு உயிராபத்தை விளைவிக்கக் கூடியவை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலே ஒரு வீட்டில் பெருங்கூக்குரல் எழுந்தது. ஓடிச் சென்று பார்த்தேன். இரண்டு வயதுப் பாலகன் ஒருவனின் தொண்டையில் ரம்புட்டான் சிக்கியிருந்தது. அழக்கூட ஓசை எழவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பாட்டியார் பதறியடித்துத் தம் விரலை வாய்க்குள் விட்டு எடுக்க முயன்றார். வழுவழுப்பான அப்பழம் மேலும் உள்ளே இறங்கியது. அவ்வேளை என்னிடம் பாடங்கேட்க வந்திருந்த மாணவன் ஒருவன் குழந்தையை வாங்கித் தலைகீழாகச் சாய்த்து முதுகிலே அறைந்தான். நான்காவது அறையில் பழம் வெளியே விழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிய நாதத்தை நான் கேட்டதில்லை. கல்வியிற் பட்டம் பெற்ற நான் கைகட்டி நிற்க, முதலுதவி பயின்ற மாணவன் ஓர் உயிரைக் காத்தான். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரண்டு பாதைகள்

நமது தொண்டை ஒரு முச்சந்தியைப் போன்றது. அங்கிருந்து ஒரு பாதை இரைப்பைக்குச் செல்கின்றது, அது அன்னக்குழல். மற்றையது நுரையீரலுக்குச் செல்கின்றது, அது சுவாசக்குழல். குழந்தையின் வாய்க்குள் போன பொருள் எந்தப் பாதையில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தே நாம் செய்யவேண்டிய காரியமும் அமையும்.

குழந்தை பலமாக இருமுகின்றதா, அழுகின்றதா? அப்படியாயின் காற்று உள்ளே செல்கின்றது. இருமலே சிறந்த வைத்தியன், அதைத் தடுக்காதீர்கள். இருமவும் அழவும் இயலாமல் திணறுமாயின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. அருகிலுள்ள ஒருவரை 1990 இலக்கத்திற்கு அழைக்கச் சொல்லுங்கள். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. வண்டி வருமுன் செய்யவேண்டியவை இவை:

ஒரு வயதிற்குட்பட்ட சிசுவாயின், முன்னங்கையின் மீது குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்களுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை அறைய வேண்டும். பயனில்லையேல் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். சிசுவின் வயிற்றை அழுத்தலாகாது.

ஒரு வயதிற்கு மேற்பட்ட குழந்தையாயின், முன்புறம் சாய்த்து முதுகில் 5 அறை. பின்னர் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, மறுகையால் அதனைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். வயிற்றை அழுத்தும் இம்முறையை அமெரிக்க வைத்தியர் ஹென்றி ஹைம்லிக் 1974இல் அறிமுகப்படுத்தினார். பொருள் வெளிவரும் வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். குழந்தை அறிவிழந்தால் மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிந்து எளிதில் எட்டினாலன்றி விரலை உள்ளே விடவே கூடாது. வயிற்றை அழுத்தியிருந்தால், பொருள் வெளிவந்த பின்பும் குழந்தையை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கச்சான் வேறுவகை வஞ்சகன். சில வேளை அது சுவாசக்குழலின் கிளைக்குள் புகுந்துவிடும். சற்று நேரம் இருமிய குழந்தை பின் அமைதியாகிவிடும். நாட்கள் சென்றபின் இழுப்பும் காய்ச்சலும் தோன்றும். நாமோ தொய்வு என்று எண்ணி ஏமாறுவோம். ஆகவே கச்சான் தின்னும்போது புரையேறியதென்றால், அதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

பட்டரி என்னும் பகைவன்

நாணயமோ பொத்தானோ அன்னக்குழல் வழியாக இரைப்பையை அடைந்துவிட்டால், பெரும்பாலும் தானாகவே மலத்துடன் வெளியேறும். எனினும் எங்கே நிற்கின்றது என்பதை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தே அறிய வேண்டும். "ஒரு கவளம் சோறு, ஒரு வாழைப்பழம் கொடுத்தால் இறங்கிவிடும்" என்பது நம் வீடுகளில் வழிவழி வந்த வைத்தியம். அது தவறு. வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு.

சிறிதும் தாமதிக்கலாகாத பொருள்கள் இரண்டு. ஒன்று, ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் உள்ள வட்டப் பட்டரி. அது அன்னக்குழலில் தங்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்திற்குள்ளேயே தசையை அரிக்கத் தொடங்கும். குழந்தை சிரித்து விளையாடுகின்றதே என்று வாளாவிருத்தல் ஆகாது. ஒரு வயது தாண்டிய, விழுங்கக்கூடிய குழந்தைக்கு, வைத்தியசாலைக்குப் போகும் வழியிலே 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் என்பது 2018இல் வெளியான ஆய்வொன்றின் பயன். தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்கலாகாது. மற்றையது காந்தம். இரண்டு காந்தங்கள் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, இடைப்பட்ட குடலைத் துளைத்துவிடும். இவ்விரண்டிலும் வெள்ளவத்தையாயினும் கொட்டாஞ்சேனையாயினும் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்திற்கு உடனே விரைய வேண்டும்.

வருமுன் காத்தல்

1958இல் மறைந்த பிலடெல்பியா வைத்தியர் செவாலியர் ஜாக்சன், நோயாளரின் தொண்டையிலிருந்தும் சுவாசக்குழலிலிருந்தும் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஊசி, பொத்தான், நாணயம் என அவை இன்றும் அந்நகர நூதனசாலை ஒன்றில் உள்ளன. அவற்றுள் பல நம் மேசை இழுப்பறையிலும் உள்ளவையே!

ரம்புட்டானை விதை நீக்கிச் சிறு துண்டுகளாக ஊட்டுங்கள். சிறு குழந்தைக்குக் கச்சான் வேண்டாம். பட்டரி மூடி ஆணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மாணவர்களே, செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் நடத்தும் முதலுதவி வகுப்புகளில் சேருங்கள். கற்றதை வீட்டிலுள்ள பாட்டிமாருக்கும் காட்டிக் கொடுங்கள். தாயும் தந்தையும் தொழிலுக்குச் சென்றபின் தொடர்மாடி வீட்டிலே குழந்தையுடன் தனித்திருப்பவர் பெரும்பாலும் அவர்தாமே!