மாத்திரையை நிறுத்தும் முன்

“நல்லாத்தானே இருக்கான் டாக்டர், இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை குடுக்கணும்?” மனநலப் புறநோயாளிப் பிரிவில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முந்தைய தலைமுறைகளின் கேள்வியோ, “எங்கே கொண்டு போவது?” என்பதாக இருந்தது.

1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகமே பின்னர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. தாமிரபரணிக் கரையிலிருந்து அது 600 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. வழி அறியாத குடும்பங்கள் பல, நோயாளிகளை வழிபாட்டுத் தலங்களில் கொண்டு விட்டன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

சிகிச்சையை மக்களின் அருகே கொண்டுசெல்ல 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. இன்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குறிப்பிட்ட நாள்களில் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் மனநல ஆலோசனையும் மாத்திரைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அரசு நிதியில் நடக்கும் மனநலச் சிகிச்சையைப் பெறுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியது. நோயாளியைச் சங்கிலியிடுவதையும் தடை செய்தது.

ஆயினும், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் கோளாறுகளில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் ஒரு காரணம். மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது மற்றொன்று. கார், பிசான நடவு நாள்களில் வர இயலாதோரை நாங்கள் அறிவோம். வந்து நலமடைந்தவர்கள் இடையில் நின்றுவிடுவது மூன்றாவது காரணம்.

இந்த மூன்றாவதை நாம் தடுக்கலாம். மனச்சிதைவு போன்ற நோய்களில் மாத்திரை அறிகுறிகளை அடக்கிவைக்கிறது. அதை நிறுத்திய மறுநாளே எதுவும் நேராது. சில வாரங்கள் நன்றாகவே செல்லக்கூடும். “மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டது” என்று குடும்பம் நம்பும் வேளையில் உறக்கம் குறையும்; சந்தேகம், தனிமை, தனக்குத்தானே பேசுதல் திரும்பும். நோய் மீண்டும் மீண்டும் வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினமாகும். படிப்பும் வேலையும் கைநழுவும். மனச்சோர்வு நோயிலும், நலமடைந்த பிறகு குறைந்தது 6 மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும்.

ஆகவே, கை நடுக்கம், உடல் பருமன், மிகுந்த தூக்கம் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே மறுவருகையைத் திட்டமிடுங்கள். தொலைவு சுமையானால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டறிந்து, சிகிச்சைச் சீட்டுடன் அங்கே செல்லுங்கள். நோயாளி வர மறுத்தால் குடும்பத்தில் ஒருவரேனும் வந்து பேசுங்கள். நேர்த்திக்கடன் இருந்தால் நிறைவேற்றுங்கள். மாத்திரையும் உடன் செல்லட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை நோயாளி வெளிப்படுத்தினால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எந்நேரமும் இலவச ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம்.

“இன்னும் எத்தனை நாள்?” என்ற கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். விடை ஒவ்வொருவருக்கும் வேறுபடும். அதை நாம் சேர்ந்தமர்ந்து முடிவு செய்வோம்.