மேடைக்குப் பின்னால் நீட்டப்படும் தாள்

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்தில் அம்மன் கொடைக்கு வில்லிசைச் செட்டையோ நையாண்டி மேளத்தையோ பேசும்போது யாரும் பத்திரம் எழுதுவதில்லை. வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தால் பேச்சு முடிந்தது. அந்த வாக்கு நிற்பதற்குக் காரணம் உண்டு. பேசிய தொகையைத் தராத ஊர் என்று பெயர் பரவினால், அடுத்த கொடைக்கு மேளம் கிடைப்பது சிரமம். அதோடு, இரவு பாடியது இரவோடு முடிந்தது. பிறகு கணக்குப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. இன்று நிலைமை வேறு. 2007-இல் தொடங்கி 2023-இல் மீண்டும் உயிர்பெற்ற சென்னை சங்கமம், 2022-இல் தூத்துக்குடியில் நடந்த நெய்தல் கலை விழா போன்றவை கரிசல் காட்டுப் பிள்ளைகளின் கண்ணைப் பெரிய மேடைகளின் பக்கம் திருப்பியிருக்கின்றன. தனியார் இசை விழாக்களும் பெருகிவிட்டன. இது நல்ல மாற்றம்தான். ஆனால் பெரிய மேடை என்றால் கேமராவும் இருக்கும். சம்பளம் ஒரு இரவுக்கு. பதிவோ பல வருஷம் ஓடும்.

‘எழுத்து இல்லாமல் போனால் ஏமாந்துவிடுவாய்’ என்றுதான் இளைஞர்களை எச்சரிக்கிறோம். சம்பளத்துக்கு அது சரி. உரிமைக்கு அது தலைகீழ். பதிப்புரிமைச் சட்டம், 1957, பாடகரையும் வாத்தியக்காரரையும் ஆட்டக்காரரையும், ஏன், பாம்பாட்டியையும்கூட ‘நிகழ்த்துநர்’ என்று கணக்கில் எடுக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின், நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பரப்பவும் விற்கவும் அனுமதி தரும் உரிமை நிகழ்த்துநருக்கே. அதன் ஆயுள் 50 ஆண்டு. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிக்காமல் எழுதிக்கொடுத்தால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எல்லை போடுகிறது. ஆக, சும்மா இருந்தால் உரிமை நம்மிடமே இருக்கும். வேஷம் கட்டுகிற அவசரத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு தாளை நீட்டி, “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் தம்பி” என்கிறார்களே, அந்த நிமிஷத்தில்தான் அது கைமாறுகிறது. ‘எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், காலவரையின்றி’ என்ற ஒரு வரி அந்த எல்லைகளையெல்லாம் அழித்துவிடும். செட்டு ஆசான் ஒருவரே எல்லோருக்குமாகக் கையெழுத்துப் போடுவது இன்னும் சிக்கல்; தவில்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் தனித்தனி உரிமை உண்டு. பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும் கொடுப்பதென்றால் கையெழுத்துகூடத் தேவையில்லை, எழுத்தில் இருந்தால் போதும் என்கிறது 2012 திருத்தம். வாட்ஸ்அப்பில் யோசிக்காமல் அனுப்பும் ‘சரி சார்’ நாளை அனுமதி என்று காட்டப்படலாம்.

‘நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்து, அதில் உனக்கென்ன உரிமை?’ என்று கேட்பார்கள். பாதிதான் உண்மை. வழிவழியாக வந்த கதைப்பாட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அதை அன்றைக்கு நீங்கள் பாடிய பாட்டு, அந்தக் குரல், அந்த வீச்சு உங்களுடையது. உங்களை நிகழ்த்துநராகப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதும் உரிமைதான். சொல்லும் மெட்டும் நீங்களே கட்டியது என்றால் காப்பு இன்னும் வலுவானது: அதற்குரிய ராயல்டியை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் செல்லாது.

‘இதையெல்லாம் கேட்டால் வாய்ப்பே போய்விடும்’ என்பது கனமான ஆட்சேபம். முதல் மேடைக்கு ஏங்கும் பிள்ளையிடம் துணிச்சலாக இரு என்று சொல்வது எளிது. வாய்ப்பை இழப்பது அந்தப் பிள்ளைதான். ஆனாலும் பணிந்துபோனால் பலன் வந்துவிடும் என்பதற்கு அத்தாட்சி எங்கே? 2021-இல் உலகமே கேட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டால் தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். பெயர் பெற்றவருக்கே அந்தக் கதி. சண்டை போட வேண்டியதில்லை. “படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று தாளை வாங்கிக்கொள்ளலாம். ‘இந்த விழாவின் விளம்பரத்துக்கு மட்டும், ஓராண்டு’ என்று பேனாவால் எழுதிச் சேர்க்கலாம். அச்சாரம் பேசும்போதே பதிவுக்குத் தனித் தொகை பேசுவது எல்லாவற்றிலும் நல்லது.

தாள் மட்டுமல்ல, வேறு ஆபத்துகளும் உண்டு. மேடை வாங்கித் தருகிறேன் என்று இணையத்தில் பழகி முன்பணம் கறந்தவரைப் பற்றி உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் சொல்லலாம். பெண் கலைஞர்களுக்கு, விழா ஏற்பாட்டாளர் அனுப்பும் வேனும் தங்கும் விடுதியும், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடம்தான். ஒருநாள் சம்பளத்துக்கு வந்தவரும், ஏஜெண்ட் மூலம் வந்தவரும், சம்பளமே வாங்காதவரும் அதில் அடக்கம். பாலியல் தொல்லை நேர்ந்தால் 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ஏற்பாட்டாளரிடம் புகார்க் குழு இல்லையென்றால், அல்லது புகாரே அவர்மீதுதான் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மீண்டும் அந்தத் தாளுக்கு வருவோம். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. நேரில் என்றால் கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தாளோடு அங்கே போவது கையெழுத்துக்கு முன்பாக இருக்கட்டும்.