துறைமுகக் கட்டணமும் அதற்குரிய வரம்பும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்குச் சோழ அரசின் சுங்க அலுவலர் உல்கு பெற்று, புலி இலச்சினை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கற்றோர் அறிவர். முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றதையும் அறிவர். துறைவாயிலிற் பெறப்படும் பணம், கடலையே கண்டிராத குடியானவனின் அடுக்களை வரை சென்று தாக்கும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

அன்றைய உல்கு அரசனது வரி. இன்றைய துறைமுகங்களிலோ அரசின் சுங்கத்தோடு பிறிதொரு கட்டணமும் உண்டு. கொள்கலன் முனையங்களை நடத்துவோர் பெறும் கட்டணமே அது. அஃது ஏன் உயர்கின்றது, அதற்கு வரம்பு வேண்டுமென்பாரின் கூற்றில் நியாயம் உண்டா என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1956 ஏப்பிரில் 26 இல் அமெரிக்காவின் நியூவாக் துறையிலிருந்து ஹியூஸ்ரன் நோக்கி 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மல்கம் மக்லீன் என்னும் பாரவூர்தி முதலாளி. சில்லறைச் சரக்கை ஆட்கள் சுமந்து ஏற்றுவதற்குத் தொன்னுக்கு ஏறக்குறைய 6 டொலர் செலவான அக்காலத்தில், பெட்டியில் அடைத்து ஏற்றியபோது 16 சதம் அளவே செலவானதாகக் கணக்கிட்டனர். உலக வாணிகத்தின் போக்கையே மாற்றிய பெட்டி அது.

ஆயின், அப்பெட்டியைக் கையாள ஆழமான துறையும், வானளாவிய பாரந்தூக்கிகளும், பரந்த முற்றமும் வேண்டும். அவற்றை அமைக்கப் பெருமுதல் வேண்டும். ஆகவே, ஒரு துறைமுகத்தில் முனையம் நடத்துவோர் இருவர் அல்லது மூவர் என்ற நிலை பல நாடுகளில் ஏற்பட்டது. மலிவைத் தந்த பெட்டியே, போட்டி குறைந்த ஒரு வாயிலையும் உடன் கொண்டுவந்தது.

அம்முனையத்துக்கு வாடிக்கையாளர் இருதிறத்தார். கடற்பக்கத்தில் நிற்பது கப்பற் கம்பனி. ஒரு முனையத்தின் விலை மிகுமாயின், அது மற்றொன்றோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். தரைப்பக்கத்தில் நிற்பவன் பாரவூர்திக்காரன். பெட்டி எந்த முனையத்தில் இறங்கிற்றோ அந்த முனையத்துக்கே அவன் சென்றாதல் வேண்டும். தெரிவு செய்பவர் ஒருவர். பணஞ் செலுத்துபவர் மற்றொருவர். கட்டணப் பிணக்கின் வேர் இதுவேயாம்.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கே நெடுங்காலம் பெருந்துறைமுகங்களில் இரு கம்பனிகளே முனையம் நடத்திவந்தன. 2013 ஆம் ஆண்டளவில் பிரிஸ்பேணிலும் சிட்னியிலும் மூன்றாவது கம்பனி ஒன்று புகுந்தது. 2017 இல் மெல்பேணிலும் புதியதொரு முனையம் திறக்கப்பட்டது. கப்பற் கம்பனிகளை ஈர்க்கும் போட்டியாற் கடற்பக்கக் கட்டணம் தளர்ந்தது. அங்கே குறைந்த வருவாயைத் தரைப்பக்கத்தில் ஈடுசெய்யத் தலைப்பட்டனர். மெல்பேண் முனையமொன்றில் பெட்டியொன்றுக்கு 4 டொலருக்குங் குறைவாயிருந்த நுழைவுக் கட்டணம் 2017 இல் 32 டொலருக்கு மேல் உயர்ந்தது. சில ஆண்டுகளுள் இவ்வகைக் கட்டணம் 100 டொலரையுங் கடந்தது. பாரவூர்திக்காரன் அதனை இறக்குமதியாளன் மேல் ஏற்றினான். இறக்குமதியாளன் கடைக்காரன் மேல் ஏற்றினான். தானியம் ஏற்றுமதி செய்யும் உழவனோ, உலகச் சந்தை விதித்த விலைக்கே விற்க வேண்டியவனாதலின், அதனை எவர் மேலும் ஏற்றமாட்டாது தானே சுமந்தான்.

முனையம் நடத்துவோர் கூற்றையும் கேட்டல் முறைமை. நிலவாடகை ஏறிற்று, புதிய இயந்திரங்களுக்குச் செலவு மிகுந்தது என்பர். அது முற்றும் பொய்யன்று. சிட்னித் துறைமுகத்தை 2013 இல் 99 ஆண்டுகளுக்கும், மெல்பேண் துறைமுகத்தை 2016 இல் 50 ஆண்டுகளுக்கும் அவ்வம் மாநில அரசுகள் பெரும்பணம் பெற்றுக் குத்தகைக்கு விட்டன. குத்தகைக்குக் கொடுத்த பணத்தை எவரிடமாவது மீட்டாதல் வேண்டும் அன்றோ! எனினும், செலவு ஏறிற்று என்பது கட்டணம் ஏறுவதற்குக் காரணமாகலாமேயன்றி, எவ்வளவு ஏறலாம் என்பதற்கு அளவாகாது.

வரியாயின் மக்கள் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். விலையாயின் சந்தையின் போட்டி வேண்டும். தரைப்பக்கக் கட்டணமோ முன்னதற்கும் உட்படவில்லை, பின்னதற்கும் உட்படவில்லை. ஆதலின் அதற்கு வரம்பு வேண்டும் என்பதே எமது துணிபு.

ஆயினும், எவ்வகை வரம்பும் நன்றென்று கூறோம். இந்தியாவிற் பெருந்துறைமுகக் கட்டணங்களை வரையறுக்க 1997 இல் ஓர் அதிகாரசபை நிறுவப்பட்டது. அஃது ஒவ்வொரு கட்டணத்தையும் தானே நிருணயித்தமையால் வழக்குகளும் தாமதமும் மலிந்தன. 2021 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பைத் துறைமுகங்களிடமே ஒப்படைத்தது. அவுஸ்திரேலியாவிற் போட்டி ஆணைக்குழு 1990 களின் இறுதி முதல் முனையங்களின் கணக்கைக் கண்காணித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு வந்தது. ஆனால், கண்டதைச் சொல்லலாமன்றிக் கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஒன்று மிகை, மற்றொன்று குறை. அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2022 டிசெம்பரில் நிறைவுசெய்த அறிக்கை இடைவழி ஒன்றைக் காட்டிற்று. நுழைவுக் கட்டணம் போன்றவற்றைப் பாரவூர்திக்காரரிடமன்றிக் கப்பற் கம்பனிகளிடமே பெறுமாறு விதித்தல் வேண்டும் என்பதே அது. தெரிவு செய்பவரே செலுத்துபவருமாயின், போட்டி தானே காவலனாகும்.

நம் நாட்டுக்கும் இது புறம்பன்று. கொழும்புத் துறையிற் கையாளப்படும் கொள்கலன்களுட் பெரும்பாலானவை பிறநாடுகளுக்கு மாற்றி ஏற்றப்படுவன. அவற்றைக் கொணரும் கம்பனி, விலை பொருந்தாவிடின் வேறு துறையை நாடலாம். பருப்பும் மருந்தும் தாளும் கொணரும் நம் வணிகருக்கு அத்தகைய தெரிவு அரிது. கையாளற் கட்டணத்தைக் கப்பற்கூலியினின்று பிரித்துத் தனியே அறவிடுதலைத் தடுக்க 2013 இன் இறுதியில் இலங்கையில் விதி செய்யப்பட்டதும் இக்குறையை நோக்கியேயாம். மறைந்து நிற்கும் பல கட்டணங்களினும், வெளிப்பட நிற்கும் ஒரு விலையே ஒப்புநோக்கத் தக்கது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வாணிகத்திலும் கப்பற்றுறையிலும் அரச பணியிலும் அமர்ந்தோர் பலர். கட்டணச் சீட்டொன்று கைக்கு வரும்போது, 'எவ்வளவு?' என்று மட்டும் வினவாது, 'இதனை விதித்தவரை மறுக்கும் வழி செலுத்துபவனுக்கு உண்டா?' என்றும் வினவுவாராக. வழி இல்லையெனின், அவ்விடத்திற் சட்டம் நிற்றல் வேண்டும்.