வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் – 7: கறுப்புக் கல்லைக் கண்டால் பயம்

பெட்டியைப் பிரித்து, வீடு பெருக்கும் அந்த வட்ட ரோபோவைத் தரையில் வைத்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "இது பெருக்குறதுக்கு முன்னாடி நாம என்னெல்லாம் எடுத்து வைக்கணும்டா?"

கடைக்காரர் சொல்லாமல் விட்ட சங்கதி அது. சோபாவுக்குப் பின்னால் தொங்கும் சார்ஜர் வயர், ஓரம் மடங்கிய கோரைப்பாய், கால்மிதி, தரையில் விரித்துப் படிக்கிற பேப்பர், துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாம் முதலில் மேலே ஏறவேண்டும். ரோபோவுக்காக வீட்டை ஒதுக்கி முடித்தால் பாதி பெருக்கின மாதிரிதான்.

போனோடு இணைப்பது அரை நாளைத் தின்றது. இந்த ரோபோக்களில் பலவற்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் தெரியும். எங்கள் ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததும் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்தது சார்ஜிங் ஸ்டாண்ட். இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியிடம் விடச் சொல்கிறது கையேடு. சென்னை ஃப்ளாட்டில் அப்படியொரு சுவர் இருந்தால் அங்கே ஏற்கெனவே பீரோ நிற்கும்! டிவி மேஜையை நகர்த்தி இடம் பிடித்தோம்.

முதல் ஓட்டம் வீட்டை அளப்பதற்கு. தலையிலுள்ள சின்னக் கோபுரம் சுழன்றபடி லேசர் கதிரை வீசுகிறது. அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, சுவர் சுவராகப் போனில் வரைகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் படத்தில் படுக்கையறைக்கு அப்பால் இன்னோர் அறையும் முளைத்திருந்தது. அலமாரியின் கண்ணாடிக் கதவு தரைவரை இறங்குகிறது. கதிர் அதில் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவருக்குப் போய்வர, அந்தச் சுவர் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதாக ரோபோ நம்பிவிட்டது. "வாடகைக்கு விட்டுடலாமா?" என்றாள் மனைவி.

தொடக்கத்தில் இவற்றுக்கு இந்த லேசர் கிடையாது. 2001-இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரைலோபைட், மீயொலியால் தடங்கலைக் கண்டு ஒதுங்கிப் போனது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ரூம்பாவை இறக்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த ராட்னி புரூக்ஸுக்குப் பூச்சிகள்தான் முன்மாதிரி. கரப்பான்பூச்சி வீட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டா ஓடுகிறது? முட்டினால் திரும்புகிறது, அவ்வளவுதான். முதல் ரூம்பாவும் அப்படித்தான்: சுருளாகச் சுற்றும், சுவரோரம் போகும், முட்டினால் கோணத்தை மாற்றிக்கொள்ளும். லேசர் பிற்பாடு சேர்ந்தது.

லேசர் வந்த பிறகும் அடியில் கிடப்பது பூச்சிப் புத்திதான் என்பதை எங்கள் பூஜை அறை வாசலில் கண்டேன். அங்கே தரைமட்டத்துக்கு ஒரு கறுப்பு கிரானைட் பட்டை. ரோபோ வேகமாக வரும், பட்டையைத் தொட்டதும் பின்வாங்கும், மறுபடி வரும், மறுபடி பின்வாங்கும். அதன் வயிற்றில் அகச்சிவப்புக் கண்கள் உண்டு. அனுப்பிய ஒளி தரையில் பட்டுத் திரும்பாவிட்டால் எதிரே பள்ளம் என்று அர்த்தம். மாடிப்படியில் உருளாமல் அதைக் காப்பது இதுதான். கறுப்புக் கல் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அதன் கணக்கில் பூஜை அறைக்கு முன்னால் ஒரு கிணறு!

"குளிக்காம சாமி ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு அதுக்கே தெரியுது" என்றார் அம்மா. அந்தக் கண்களின்மேல் டேப் ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பால்கனி ஒரு படி தாழ்வு. ஏமாந்தால் தலைகுப்புற விழும். விட்டுவிட்டோம். உள்ளே அம்மா போடும் மாக்கோலமும் பிழைத்தது.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளை பிரஷ்ஷில் சுற்றிய தலைமுடியை வாரம் ஒருமுறை வெட்டி எடுக்கவேண்டும். துடைக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஃபினாயில் ஊற்றக் கூடாது. உடம்பு வட்டம் என்பதால் மூலை எட்டாது. வேலைக்கு வரும் அக்கா முதல் நாள் முறைத்துப் பார்த்தார். இப்போது மூலைகளை அவரும் நடுக்கூடத்தை அதுவுமாகப் பங்கு பிரித்துக்கொண்டாயிற்று.

ஆனால் கட்டிலடி அதன் ராஜ்ஜியம். உயரம் பத்து சென்டிமீட்டர்தான். முட்டிவலியால் அம்மா குனிந்து பார்க்காமல் விட்ட இடமெல்லாம் புகுந்து வந்தது. முதல் நாள் தூசிப் பெட்டியைத் திறந்தால் இரண்டு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான், கூடவே பொங்கலுக்கு முன்பு தொலைந்துபோன அம்மாவின் தோட்டுத் திருகாணி.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நேராகக் குப்பைத்தொட்டியில் கவிழ்க்க யாருக்கும் அனுமதியில்லை. தினமும் அது ஓடி முடித்ததும் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

(தொடரும்)