தனிநபர் கன்பான்

தனிநபர் கன்பான் என்பது ஒருவர் தம் சொந்த வேலைகளைச் சிறு அட்டைகளில் எழுதிப் பலகையில் ஒட்டி, ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துச் செய்து முடிக்கும் முறை ஆகும். மென்பொருள் துறையில் வழங்கும் அஜைல் முறைகளுள் ஒன்றான கன்பானைத் தனி மனிதரின் அன்றாட வேலைக்கு ஏற்பச் சுருக்கியதே இது. ஜிம் பென்சன், டோனியான் டிமரியா பேரி ஆகியோர் 2011-இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவலாக அறியப்பட்டது.

இம்முறைக்கு இரண்டே விதிகள் உள்ளன. வேலைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது ஒன்று. கையில் நடக்கும் வேலைகளைக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் விதியைப் பலரும் உற்சாகமாகப் பின்பற்றுகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பயன் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

பெயரும் தோற்றமும்

கன்பான் ஒரு ஜப்பானியச் சொல். பெயர்ப்பலகை, அறிவிப்புப் பலகை என்று பொருள்படும். டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் டாயிச்சி ஓனோ (1912–1990) இதை உற்பத்தி முறையாக வளர்த்தெடுத்தார். விற்ற அளவுக்கு மட்டுமே அடுக்கை நிரப்பும் அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகள் அவருக்கு முன்மாதிரியாக இருந்தன. தொழிற்சாலையில் உதிரிபாகப் பெட்டி ஒவ்வொன்றுடனும் ஓர் அட்டை இருக்கும். பாகங்கள் எடுக்கப்பட்டதும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டி தயாராகும். எனவே புழக்கத்தில் உள்ள அட்டைகளின் எண்ணிக்கைக்கு மேல் பாகங்கள் எங்கும் தேங்க முடியாது. அட்டை வெறும் நினைவுச் சீட்டு அன்று, வேலைக்குப் போடப்பட்ட அணையும் அதுவே என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி அஜைல் அறிக்கையை உருவாக்கினர். முன்கூட்டி வகுத்த நீண்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டிராமல், சிறு பகுதிகளாகச் செய்து முடித்து, மாற்றத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது அதன் சாரம். பின்னர் டேவிட் ஆண்டர்சன் முதலியோர் கன்பானையும் மென்பொருள் குழுக்களுக்குக் கொண்டுவந்தனர். மற்றொரு அஜைல் முறையான ஸ்க்ரம், குழுவுக்கென அமைந்தது. அதில் தனித்தனிப் பொறுப்புகளும் தினசரிக் கூட்டமும் உண்டு. ஒருவர் தினமும் காலையில் தம்முடனேயே கூட்டம் நடத்திக்கொள்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். தனி ஆளுக்குக் கன்பான் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரம்பு ஏன்?

ஒரு மாணவருக்கு இயற்பியல் பதிவேடு, தமிழ்க் கட்டுரை, கணினிச் செயல்திட்டம் என மூன்று வேலைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் உழைப்பு தேவை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், அவை 3, 6, 9-ஆம் நாள்களில் முடியும். நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் 7, 8, 9-ஆம் நாள்களில் முடியும். உழைப்பு இரண்டிலும் ஒன்பது நாள்தான். ஆனால் இரண்டாவது வழியில் எந்த வேலையும் முன்னதாக முடியவில்லை. முதல் இரண்டு வேலைகள் வீணாகத் தாமதமாயின. ஆறாம் நாள் மாலை ஆசிரியர் கேட்டால், முதல் மாணவர் இரண்டு வேலைகளைக் காட்டுவார். மற்றவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் சோம்பேறி அல்லர், ஆறு நாளும் உழைத்தவர்தான்.

இதையே பொதுவாக விளக்குவது லிட்டில் விதி. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கான நிறுவலை 1961-இல் வெளியிட்டார். கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வேலைகள் முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு வேலை முடிப்பவர் பத்து வேலைகளைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக ஐந்து வாரம் ஆகும். மூன்றை மட்டும் வைத்திருந்தால் ஒன்றரை வாரம் போதும்.

இந்தக் கணக்கில் மனம் தாவுவதால் ஏற்படும் இழப்பு சேரவில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பலகை அமைத்தல்

செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று மூன்று பத்திகள் போதும். சுவரில் ஒட்டிய சார்ட் தாள், கரும்பலகை, ட்ரெல்லோ போன்ற செயலி, எதுவானாலும் சரி. பலகையை வண்ணம் தீட்டி அழகுபடுத்துவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவோரும் உண்டு. அது வேலையைத் தள்ளிப்போடும் இன்னொரு வழிதான்.

நடுப் பத்தியின் தலைப்பில் 2 அல்லது 3 என்று வரம்பை எழுதிவிட வேண்டும். அது நிரம்பியிருந்தால், ஒன்றை முடித்து வலப்பக்கம் நகர்த்தாமல் புதியதை எடுக்கக் கூடாது.

அட்டையில் எழுதும் வாசகத்திலும் கவனம் வேண்டும். 'கணிதம் படிக்க வேண்டும்' என்று எழுதிய அட்டை ஆண்டு முழுவதும் நகராது, ஏனெனில் அது எப்போது முடிந்தது என்று சொல்ல வழியில்லை. 'அணிகள் பாடத்தில் முதல் பத்துக் கணக்குகளைப் போடுதல்' என்று எழுதினால் முடிவு தெளிவாகத் தெரியும். ஓரிரு அமர்வுகளில் முடியாத எதையும் உடைத்து எழுதுவது நல்லது.

பிறர் கையில் இருக்கும் வேலைகளுக்குக் 'காத்திருப்பவை' என்று நான்காவது பத்தி வைக்கலாம். சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று, இன்னும் வரவில்லை என்பது போன்றவை இதில் அடங்கும். பிடிக்காத வேலையையெல்லாம் இங்கே தள்ளிவிடும் ஆசை வரும். மீண்டும் விசாரிக்க வேண்டிய தேதியை எழுதாமல் எந்த அட்டையையும் இதில் ஒட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் அந்த ஆசை அடங்கும்.

வாரம் ஒருமுறை பலகையைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. செய்ததை அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது அஜைல் முறைகளுக்குப் பொதுவான பழக்கம். மூன்று வாரமாக அசையாத அட்டை பெரும்பாலும் மிகப் பெரியதாக இருக்கும், அல்லது தெளிவில்லாததாக இருக்கும். சில சமயம் உண்மையில் செய்ய விருப்பமே இல்லாத வேலையாக இருக்கும். அப்படிப்பட்டதைக் கிழித்துப் போடுவதும் ஒரு நேர்மையான முடிவே.

வரையறைகள்

கன்பான் பலகையில் நாள்காட்டி கிடையாது. தேர்வு, கட்டணம் செலுத்தக் கடைசி நாள் போன்றவற்றைத் தனியாகக் குறித்து வைக்கத்தான் வேண்டும். தினசரி நடைப்பயிற்சி போன்ற பழக்கங்களுக்கும் அட்டை தேவையில்லை. கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் வரம்பைக் கண்டிப்பாகக் காப்பது இயலாது. எந்த நேரமும் அழைப்பு வரும். அத்தகையோர் நடுப் பத்தியில் அவசர வேலைக்கென ஓர் இடத்தை எப்போதும் காலியாக விட்டு, தம் வேலைக்கான வரம்பை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.